புகாரின் வினைச்சொல்

பாக்யலட்சுமியை அலுவலகத்தில் மேடம் என்பார்கள். இரயிலில் பாக்யம் அக்கா என்பார்கள். வீட்டில் அவருடைய கணவர் ராஜப்பா "இந்தாம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். வயது ஐம்பத்தெட்டு. வீடு ராபர்ட்சன்பேட்டையில், வேலை பெங்களூரில், தோல் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்றில். அந்த நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் வெளியே செல்லும் கடிதம் எதுவாயினும் அது அவர் கையைக் கடந்தே செல்லும். எதையும் முதலில் பென்சிலால் எழுதிப் பார்ப்பது அவர் வழக்கம். வாக்கியத்தைத் தொடங்குமுன் அதன் வினைச்சொல்லைத் தேர்ந்துகொள்வார். அந்த வினையைச் செய்தவர் யார் என்று உறுதியாகத் தெரியாதவரையில் பென்சிலைத் தாளில் வைக்கமாட்டார். "சரக்கு தாமதமாகிவிட்டது என்று எழுதிவிடுங்கள்" என்ற மேலாளரிடம், "தாமதம் செய்தது நாமா, கப்பல் கம்பெனியா?" என்று கேட்ட பிறகே எழுதினார். இது ஒரு நோய் என்று அங்குள்ள இளையவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவருக்கும் அது தெரியும்.

மெய்யான நோய் முழங்காலில் இருந்தது. நிற்பதைக் குறைத்துக்கொள்ளவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பணி ஓய்வுக்கு இன்னும் ஈராண்டு இருந்தது. ராஜப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் அவருக்கு வந்துகொண்டிருந்த சிறு ஓய்வூதியம் மருந்துக் கடையோடு முடிந்துவிடும்; அரிசியும் வாடகையும் பாக்யலட்சுமியின் சம்பளத்தில்தான். ஆகவே இந்த ஈராண்டையும் எப்படியாவது உட்கார்ந்தபடியே கடந்துவிடவேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். உட்காருவதற்கு இரயிலில் அவருக்கென்று ஓர் இடமும் இருந்தது.

அந்த இடத்தைப் பற்றிச் சிறிது விளக்கமாகச் சொல்லவேண்டும். பெங்களூருக்குச் செல்லும் காலை வண்டி மாரிகுப்பத்தில் புறப்படுகிறது. அங்கே காலியாக நிற்கும் மகளிர் பெட்டியில் முதலில் ஏறுபவர் மங்கம்மா. ஒயிட்ஃபீல்டில் கணினி நிறுவனங்கள் நிறைந்த ஒரு பெரிய கட்டடத்தில், துப்புரவுப் பணிப்பெண்களுக்கு அவர் மேற்பார்வையாளர். பெட்டிக்குள் நுழைந்ததும் தம் பையிலிருந்து துண்டுகளை எடுத்து, விளக்கு வெளிச்சம் சரியாகப் படாத அந்த நேரத்திலும் பிழையின்றி, ஒவ்வொரு துண்டையும் அதற்குரிய இருக்கையில் விரித்துவிடுவார். துண்டுக்கு உரியவர்கள் சாம்பியனிலும் உரிகத்திலும் கொரமண்டலிலும், சிலர் பங்காரப்பேட்டையிலும்கூட ஏறுவார்கள். எந்நேரம் வந்தாலும் அவர்களுடைய இடம் அவர்களுக்காகக் காத்திருக்கும். இவ்வாறு துண்டுக்கு உரியவர்களின் கூட்டத்துக்குக் கேங்கு என்று பெயர். சுரங்கத்துக்குள் ஒரு மேஸ்திரியின்கீழ் இறங்கும் ஆட்களுக்கும் முன்பு அதுவே பெயர்.

கேங்கில் சேருவது எளிதன்று. யாராவது ஓய்வு பெறவேண்டும். அல்லது ஊரை விட்டுப் போகவேண்டும். போகிறவர் தம் இடத்தைத் தாம் விரும்பும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். பாக்யலட்சுமி உட்காரும் ஜன்னலோர இருக்கை முன்பு ஜூடித் என்ற தொலைபேசி நிலைய ஊழியரிடம் இருந்தது. ஓய்வு பெற்ற நாளன்று ஜூடித் பிளம் கேக் கொண்டுவந்து பெட்டி முழுவதற்கும் பங்கிட்டார். பிறகு, அதுவரை நின்றுகொண்டே சென்றுவந்த பாக்யலட்சுமியின் தோளை அழுத்தி அந்த இடத்தில் அமர்த்தி, "இனிமே இது உன்னுது" என்றார். தகப்பனுடைய வேலை மகனுக்குக் கிடைத்துவந்த ஊர் அது. இரயில் இருக்கையும் அவ்வாறே கைமாறியதை யாரும் விந்தையாக எண்ணவில்லை. மாதாந்தரச் சீட்டில் இருக்கை எண் ஏதும் அச்சிடப்படுவதில்லை என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். அறிந்ததைப் பேசுவதற்கு அந்த நேரத்தில் யாருக்கும் தெம்பு இல்லை. பாதிப்பேர் வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருப்பார்கள். மீதிப்பேர் உறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நின்றவர்களில் ஒருத்தி ஸ்வாதி. ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் துளசிராமனின் மகள். கன்டோன்மென்ட் அருகே ஓர் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயும் நாள் முழுவதும் நிற்கவேண்டும். அவளும் பாக்யலட்சுமியும் கொரமண்டலில் ஒரே மேடையில் காத்திருந்து, ஒரே வாயில் வழியாக ஏறுவார்கள். ஏறியதும் ஒருவர் உட்காருவார், மற்றவள் நிற்பாள். "குட் மார்னிங் ஆண்ட்டி" என்று மேடையில் சொல்வதோடு அவர்களுடைய பேச்சு முடிந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடம் கிடைக்குமா என்று அவள் மங்கம்மாவைக் கேட்டதுண்டு. "வேக்கன்சி வந்தா சொல்றேம்மா. உனக்கு முன்ன கியூவுல ஆள் கீறாங்க" என்று மங்கம்மா அன்பாகவே பதில் சொன்னார்.

மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை ராதிகா என்பவர் வேலைக்கு வரவில்லை. அவருடைய துண்டு மட்டும் வந்திருந்தது. பங்காரப்பேட்டையிலும் அவர் ஏறவில்லை என்பதைப் பார்த்துக்கொண்ட ஸ்வாதி, அந்தத் துண்டை நான்காக மடித்து மேலே பை வைக்கும் பலகையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அது ராதிகா எடம்மா" என்றார் மங்கம்மா.

"அவங்க இன்னிக்கு லீவு ஆண்ட்டி."

"லீவுன்னா எடம் இல்லாம பூடுமா? சுரங்கத்து ஆளுங்க லைன்ல ஒரு வூடு பூட்டிக் கீதுன்னா நீ போய் உள்ள குந்திக்குவியா?"

"இது வீடில்லையே ஆண்ட்டி. ட்ரெயின்தானே."

மங்கம்மா அவளைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "செரி, குந்து" என்றார்.

உட்கார்ந்திருப்பவர், நிற்பவரின் பையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வது அந்தப் பெட்டியில் நெடுநாளைய மரியாதை. மங்கம்மா எழுந்து, தம் டிபன் பையை ஸ்வாதியின் மடியில் வைத்தார். பக்கத்தில் இருந்தவரும் எழுந்து தம் பையை வைத்தார். அடுத்த வரிசையிலிருந்து ஒன்று வந்தது. அதன்பின் குடையும், தண்ணீர்ப் பாட்டிலும், யாரோ பெங்களூரில் உறவினருக்குக் கொண்டுசென்ற பலாப்பழப் பையும் வந்தன. ஒவ்வொருவரும் "கொஞ்சம் வெச்சுக்கோம்மா" என்று நயமாகச் சொல்லித்தான் வைத்தார்கள். யாரும் உரக்கப் பேசவில்லை. பைகள் அவளுடைய கழுத்துவரை ஏறின. பிறகு முகத்தை மறைத்தன. எதிர் ஜன்னலோரத்தில் அமர்ந்திருந்த பாக்யலட்சுமி இதைக் கண்டார். சிறுபிள்ளைத்தனமான விளையாட்டு, மாலூர் வருவதற்குள் முடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு கண்ணை மூடப்போனார். அப்போது அந்தக் குவியலில் தமது பழுப்புநிறக் கைப்பை இருப்பது தெரிந்தது. பலகையிலிருந்து யாரோ அதை எடுத்து அங்கே வைத்திருந்தார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை.

மாலூரில் ஸ்வாதி எழுந்துகொண்டாள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் பையைப் பெற்றுக்கொண்டு "தேங்க்ஸ்மா" என்றார்கள். ராதிகாவின் துண்டு மீண்டும் இருக்கைக்கு வந்தது. கைப்பையை பாக்யலட்சுமியிடம் ஸ்வாதியே கொண்டுவந்து கொடுத்தாள். "இது உங்களுதுதானே ஆண்ட்டி" என்று மட்டும் கேட்டாள். அவளுடைய முழங்கையில் டிபன் பையின் பிடி அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது.

சனிக்கிழமை மாலை கொரமண்டலில் இறங்கியபோது, சுனிதா என்ற வங்கி ஊழியர் பாக்யலட்சுமியை நிறுத்தினார். சுனிதாவுக்கு இறங்கவேண்டிய இடம் உரிகம். இதற்காகவே இங்கு இறங்கியிருந்தார். நாள்தோறும் கன்டோன்மென்ட் வரையில் நிற்பவர்களில் அவரும் ஒருவர். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"அக்கா, நிக்கறவங்க எல்லாம் சேர்ந்து இரயில்வேக்கு ஒரு கம்ப்ளைன்ட் குடுக்கப்போறோம். நான் எழுதிப் பார்த்தேன். நீங்க ஒரு தடவை பார்த்துக் குடுங்க. உங்க இங்கிலீஷ்னா ஆபீஸர் கடைசிவரைக்கும் படிப்பாரு. எங்களுதுன்னா ரெண்டாவது வரியிலயே டீ குடிக்கப் போயிடுவாரு."

பாக்யலட்சுமி தாளை விரித்துப் பார்த்தார். அவர்கள் எங்கள்மேல் டாமினேட் செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற பொருள்பட ஒரே நீண்ட வாக்கியம் பக்கம் முழுவதும் ஓடியது.

"டாமினேட்டுக்கு 'மேல்' வேண்டாம்" என்றார் அவர். "அது நேரா ஆளையே பிடிக்கிற சொல்லு. நாள்தோறும் நடக்கறதுனால 'செய்துகொண்டிருக்கிறார்கள்'னும் வேண்டாம்."

"பாத்தீங்களா. இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்." சுனிதா குரலைத் தாழ்த்தினார். "உங்க சீட்டைப் பத்திக் கவலைப்படாதீங்கக்கா. நாங்க பேசிக்கிட்டோம். உங்க காலு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் விதிவிலக்கு."

"யார் குடுக்கற விதிவிலக்கு?"

"நாங்கதான்."

பாக்யலட்சுமி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மேம்பாலப் படிகளில் ஏறும்போது முழங்கால் வலித்தது. விதிவிலக்கு என்ற சொல் அந்த வலிக்கு மிகவும் இதமாக இருந்தது என்பதையும் அவர் கவனித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ராஜப்பா கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். செய்தி முழுவதையும் கேட்டபின் உரித்த பூண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "மங்கம்மா செய்றதுல இன்னா தப்பு?" என்றார். "சுரங்கத்துல எறங்கற கேஜ்ல எப்டிப் போனோம் நாங்க? மேஸ்திரி தன் ஆளுக்கெல்லாம் எடம் புடிச்சு வெச்சிருப்பான். கேங்கு இல்லாதவன் கேஜுக்கு வெளிய நிப்பான். எல்லாரும் ஏறி எடம் மிச்சம் இருந்தா அவன் ஏறுவான்."

"மிச்சம் இல்லேன்னா?"

"அடுத்த கேஜ் வர்ற வரைக்கும் நிப்பான்."

"நீங்க நின்னிருக்கீங்களா?"

"நான் எதுக்கு நிக்கணும்? எங்கப்பன் மேஸ்திரிக்கு வேண்டியவன்." ராஜப்பா இதைப் பெருமையாகச் சொன்னார். அடுத்த பூண்டை எடுத்து நகத்தால் கீறியவர் சற்றுத் தயங்கினார். "முனிரத்னம்னு ஒர்த்தன் நிப்பான்" என்றார். "தினம் லேட்டுன்னு அவனுக்கு ஹாஜரி வெட்டிக் கூலியைப் புடிப்பாங்க. வெட்டிவுட்டு, அவன் சோம்பேறின்னு நாங்களே சொல்லுவோம்."

பாக்யலட்சுமி தரையில் கிடந்த பூண்டுத் தோலைத் திரட்டினார்.

"எய்தறதுன்னா எய்து" என்றார் ராஜப்பா. "ஆனா துண்டெல்லாம் எடுத்துட்டாங்கன்னா உனக்கும் எடம் இருக்காது. கொரமண்டல்ல ஏறி எவளும் உக்காந்ததா சரித்திரம் இல்ல. பெங்களூர் வரைக்கும் நிப்பியா? நின்னா சாயங்காலம் என்னாத்த நடந்து வருவ?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"யோசி. யோசிச்சிக்கினே அந்த இஞ்சியை எடு."

பகலுணவுக்குப்பின் பாக்யலட்சுமி பென்சிலைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்தார். டாமினேட் என்பது பெரிய சொல். ஓர் அரசு மற்றொரு நாட்டைச் செய்வது. ஒரு மலை அடிவாரத்து ஊரைச் செய்வது. மகளிர் பெட்டி ஒன்றில் நடக்கும் சங்கதிக்கு அது மிகை என்று அவருக்குத் தோன்றியது. அதை நீக்கிவிட்டு, ஒரு குழுவினர் இருக்கைகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறார்கள் என்று அடக்கமாக எழுதினார். வாக்கியத்தில் பிழை இல்லை. யாரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. படிக்கும் அதிகாரி, எல்லா வண்டியிலும் உள்ளதுதானே என்று அதை ஓரமாக வைத்துவிடலாம். அவ்வாறு வைத்துவிட்டால் ஜன்னலோரத்தில் தமக்கு ஈராண்டு மிஞ்சும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. வந்ததும், அந்த வாக்கியத்தின் அடக்கம் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் புதன்கிழமையை முறையாக நினைத்துப் பார்த்தார். அன்று பிடிக்கப்பட்டது இருக்கை மட்டுமன்று. ஒரு பெண், யாரும் கடிந்து ஒரு சொல் சொல்லாமல், தொட்டுத் தள்ளாமல், தானாகவே எழுந்துகொள்ளும்படி செய்யப்பட்டாள். எழுந்தபின் நன்றியும் பெற்றுக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த படித்த பெண்மணி ஒருவர், ஆங்கிலத்தில் எதையும் எழுதத் தெரிந்தவர், தமது பையைத் திரும்பக் கேட்கவும் துணியவில்லை. எழுபது எண்பது பேர் உள்ள பெட்டியில் ஒருவரும் துணியவில்லை. இதற்கு உரிய வினைச்சொல் எது? பிடித்துக்கொள்ளுதல் போதாது. கட்டுப்படுத்துதல் என்பதிலும் சற்று மூச்சுவிட இடம் இருக்கிறது. முதலில் அழித்த சொல்லை அவர் மறுபடியும் எழுதினார். வழக்கமாக வரும் பயணிகளின் குழு ஒன்று இந்தப் பெட்டியை டாமினேட் செய்கிறது. அதன் விருப்பத்துக்கு மாறாக யாரும் உட்காரவோ பேசவோ இயலாது. இரண்டு வரிகள். பின்னர் தேதியும் நடந்ததும்.

எழுதிய பிறகு, தம் வழக்கப்படி, செய்தவர் யார் என்று பார்த்தார். குழு. அக்குழுவில் யார் யார் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டு வந்தபோது, நான்காவதாகத் தமது பெயர் வந்தது. அவர் சாய்வாக அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உறக்கம் வரவில்லை; எழுந்துகொள்ளவும் மனம் இல்லை.

மறுநாள் காலையில் மேடையில் ஸ்வாதி "குட் மார்னிங் ஆண்ட்டி" என்றாள். பாக்யலட்சுமி, "கம்ப்ளைன்ட் எழுதிட்டேன். அவங்க முன்னாடியே படிக்கப்போறேன். முதுகுக்குப் பின்னால எழுதறது எனக்குப் பழக்கமில்ல" என்றார்.

"வேணாம் ஆண்ட்டி. சும்மா கலாட்டா ஆகும்."

"ஆகட்டும்."

வண்டி வந்தது. பெட்டியில் ஏறியதும், ஜன்னலோரத்தில் தமக்காக விரிக்கப்பட்டிருந்த நீலத் துண்டை பாக்யலட்சுமி பார்த்தார். உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாக்கா, மூஞ்சி வாடிக் கீது" என்றார் மங்கம்மா. "குந்துக்கா. நின்னுக்கினு இன்னா வேண்டுதலா?"

"ஒண்ணு படிக்கணும் மங்கம்மா. நிக்கறவங்க எல்லாம் சேர்ந்து குடுக்கற கம்ப்ளைன்ட். நான்தான் எழுதினேன்."

உறங்கிக்கொண்டிருந்தவர்களில் சிலர் விழித்துக்கொண்டார்கள். சுனிதா, வாயிலருகே நின்றவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அருகில் வந்தார். கடிதத்தைத் தம்மிடம் இரகசியமாகத் தருவார் என்றுதான் அவர் எதிர்பார்த்திருந்தார்.

"என் மேலியா பிராது?" மங்கம்மாவின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை.

"உன் பேரு இல்ல. வழக்கமா வர்ற ஒரு குழுன்னு இருக்கு."

"படி, கேப்போம். நானும் அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் இங்கிலீஷு படிச்சவதான்."

பாக்யலட்சுமி ஆங்கிலத்தில் ஒருமுறை படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "ஒரு குழு இந்தப் பெட்டிய அடக்கி ஆளுது. அதோட இஷ்டத்துக்கு மாறா யாரும் உட்காரவோ பேசவோ முடியாது."

மங்கம்மா உரக்கச் சிரித்தார். அவரைச் சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"அடக்கி ஆள்றனா? நானா? மெதுவா படிக்கா, எங்கூட்டு மருமக காதுல உய்ந்துடப் போது. அவ எனக்கு ஒரு டம்ளர் தண்ணி மொண்டு குட்த்ததில்ல." சிரிப்பு அடங்கியபின் அவருடைய குரல் மாறியது. "அங்க வேலையில ஒரு மேனேஜரு கீறான். என் புள்ள வயசு. என்னை 'ஏய்'னு கூப்டறான். ஒரு நாளைக்கு எத்தினி கக்கூஸு கழுவறாங்கன்னு நான் நின்னு பாக்கணும், ஒர்த்தி வரலன்னா நானே கழுவணும். இருட்டுல எழுந்து, ஒலையை வெச்சு எறக்கி, இந்தத் துண்டையெல்லாம் தொவச்சு மடிச்சு எட்த்தாறேன். யாருக்கு? எனக்கா? நான் அடக்கி ஆள்றேன்."

"அது வெளிய, மங்கம்மா. நான் இந்தப் பெட்டியப் பத்தி எழுதினேன்."

"இங்க யார் மேலியாவது கை வெச்சனா? ஒரு வார்த்த திட்டினனா?"

"இல்ல. அதுக்குத்தான் இந்தச் சொல்லு. கை வெச்சிருந்தா வேற சொல்லு போட்டிருப்பேன்."

மங்கம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வண்டி பங்காரப்பேட்டையை நெருங்கிக்கொண்டிருந்தது. "அந்தக் குழுவுல நீயுந்தான கீற" என்றார்.

"ஆமா."

"அன்னிக்கு அந்தப் பொண்ணு மடியில உன் பையும் இருந்துச்சி."

"ஆமா. இருந்தது."

"அவங்கள ஏன் இழுக்கறீங்க?" என்று சுனிதா குறுக்கிட்டார். "அவங்க காலு முடியாதவங்க. அவங்க சீட்டை நாங்க கேக்கவே இல்ல."

"பாத்தியாக்கா" என்றார் மங்கம்மா. "நாங்களும் உன்ன வுட்டுக் குடுக்கல, அவங்களும் உன்ன வுட்டுக் குடுக்கல. நீ எதுக்கு நடுவுல நின்னு காலை நோவ வெச்சிக்கிற?" பிறகு முன்புறம் சாய்ந்து, வாயிலருகே நின்ற ஸ்வாதிக்கும் கேட்கும்படி பேசினார். "ஒண்ணு சொல்றேன், கேளு. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடு. உன் எடத்துக்கு அடுத்து யாருன்னு சொல்ற உரிமை உனக்கு கீது. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லு. ரெண்டு வருசம் கழிச்சி எடம் அவளுக்கு. கியூவுல இருக்கறவங்கள நான் சமாளிக்கிறேன். அதுவரைக்கும் லீவு போடறவங்க எடத்துல அவ குந்தட்டும். யாரும் பை வெக்க மாட்டாங்க. போதுமா?"

இது பெரிய விட்டுக்கொடுத்தல் என்பதைக் கேங்கில் உள்ளவர்களின் முகமே காட்டியது. ஒருவர் "அக்காவுக்கு மனசு பெருசு" என்று முணுமுணுத்தார். பாக்யலட்சுமி திரும்பி ஸ்வாதியைப் பார்த்தார். அவள் சரி என்று தலையசைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். நீலத் துண்டு இரண்டடி தூரத்தில் இருந்தது. தம் முழங்கால், கேளாத ஒருவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல, ஒரே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. அவள் தலையசைக்கமாட்டாளா என்று அவர் எதிர்பார்த்தார் என்பதே உண்மை.

"எனக்கு அது வேணாம் ஆண்ட்டி" என்றாள் ஸ்வாதி. அவள் மங்கம்மாவுக்குப் பதில் சொன்னாள்; ஆனால் பார்த்தது பாக்யலட்சுமியை. "நீங்க குடுத்து, அவங்க ஓகே சொல்லி, நான் உட்காரணுமா? நாளைக்கு இன்னொருத்தி வந்து நின்னா அவகிட்ட நானும் வேக்கன்சி இல்லன்னு சொல்லணும். பேடா, வேணாம். நானும் பாஸ் எடுத்திருக்கேன். எங்கே காலியோ அங்கே உட்கார்றேன். இல்லாட்டி நிக்கறேன். எனக்கு நிக்கறது பழக்கம்தான்."

"கொழுப்பைப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். மங்கம்மா கையை உயர்த்தியதும் அந்தக் குரல் அடங்கியது. அது எவ்வளவு விரைவாக அடங்கியது என்பதை பாக்யலட்சுமி கவனித்தார். மங்கம்மாவும் கவனித்திருக்கக்கூடும்; ஏனெனில் உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலச் சிறிது நேரம் வைத்திருந்து, பின்னர் மடியில் இறக்கிக்கொண்டார்.

பங்காரப்பேட்டையில் கூட்டம் ஏறியது. வழக்கம்போல் துண்டுகள் எடுக்கப்பட்டன. அவற்றுக்கு உரியவர்கள் அமர்ந்தனர். நீலத் துண்டு மட்டும் அப்படியே கிடந்தது. புதிதாக ஏறிய ஒரு பெண், கையில் குழந்தையோடு அதைப் பார்த்தாள், பிறகு மங்கம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு நின்றுகொண்டாள். யாரும் அவளுக்கு ஏதும் சொல்லியிருக்கவில்லை.

பாக்யலட்சுமி கடிதத்தை ஜன்னல் சட்டத்தின்மேல் வைத்து, வண்டியின் ஆட்டம் குறையும்வரை காத்திருந்து, கையொப்பத்துக்கான இடத்தில் முதலாவதாகத் தம் பெயரை முழுமையாக எழுதினார். அதைச் சுனிதாவிடம் கொடுத்தார். "இதுல எந்தச் சொல்லையும் மாத்தாதீங்க. விதிவிலக்குன்னு எதுவும் சேர்க்கவும் வேண்டாம்" என்றார். சுனிதா தாளை மடித்து வைத்துக்கொண்டார்.

"ஜூடித் அக்கா குட்த்த எடம்க்கா அது" என்றார் மங்கம்மா. இப்போது அவருடைய குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. விடியுமுன் எழுந்தவரின் களைப்பு மட்டுமே இருந்தது. "இத்தினி வருசமா ஒரு நாளாவது உனக்கு எடம் இல்லேன்னு சொல்லியிருப்பனா?"

"இல்ல. ஒரு நாள்கூடச் சொல்லல. அந்த நன்றி எனக்கு இருக்கு."

"அப்புறம் இன்னாக்கா?"

பாக்யலட்சுமி துண்டை எடுத்து மடித்து மங்கம்மாவின் பக்கத்தில் வைத்தார். குழந்தையோடு நின்ற பெண்ணிடம், "உட்காரும்மா, அது காலியாத்தான் இருக்கு" என்றார். அவள் தயங்கி, ஓரமாக அமர்ந்தாள். மாலூர் தாண்டியும் வெகுதூரம் இருந்தது. அவர் எடையை நோகாத காலுக்கு மாற்றிக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து எனக்குத் துண்டு போடாதே, மங்கம்மா" என்றார். "காலியா இருந்தா உட்கார்றேன். இல்லேன்னா நிக்கறேன். கால் தாங்கலன்னா வேலையை விட்டுடறேன்."